சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

இந்தியக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக காலித் ஜமீல் 2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. 2012-இல் சாவியோ மெதீரா விலகிய பிறகு, 13 ஆண்டுகள் கழித்து மீண்டும் ஓர் இந்தியரிடம் அணி ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு அளித்த இறுதிப் பட்டியலில் இருந்த இரு வெளிநாட்டவரைத் தாண்டி அவர் தேர்வானார். ஆனால், நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று இந்தியா தோற்றதும், வரவேற்ற அதே குரல்கள் வசைபாடத் தொடங்கின. 22 ஆண்டுகளில் வங்கதேசத்திடம் இந்தியா அடைந்த முதல் தோல்வி அது. "தற்காப்புப் பயிற்சியாளர்", "பந்தைத் தூக்கி அடிக்கச் சொல்பவர்" என்பன அவருக்குச் சூட்டப்பட்ட பட்டங்கள்.

அவரது ஆட்ட உத்தி என்ன? இரண்டு அடுக்குகளாக நெருங்கி நின்று எதிரணிக்கு இடம் கொடுக்காமல் தடுப்பது. பந்து கிடைத்ததும் நடுக்களத்தில் சுற்றிக்கொண்டிராமல் நேராக முன்னே அனுப்புவது. எல்லைக்கோட்டு எறிதல், கார்னர், ஃப்ரீ கிக் ஆகியவற்றிலிருந்து கோல் தேடுவது. முந்தைய சீசனில் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டு, பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஐஸால் அணியை 2016-17-இல் ஐ-லீக் சாம்பியனாக்கியது இந்த உத்திதான். பணம் படைத்த அணிகளை எளிய அணி வெல்ல வேண்டுமானால் இதைவிட வேறு வழி அன்று இருக்கவில்லை.

தேசிய அணியிலும் இது முதலில் பலன் தந்தது. 2025 ஆகஸ்ட் 29 அன்று மத்திய ஆசிய நாடுகள் கோப்பையில் தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என்று இந்தியா வென்றது. முகமது உவைஸ் நீளமாக எறிந்த பந்தை அன்வர் அலி தலையால் முட்டிக் கோலாக்கினார். அடுத்த கோல் சந்தேஷ் ஜிங்கனுடையது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமனைப் பெனால்டி முறையில் இந்தியா வீழ்த்தியது. ஆனால், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூருடன் அக்டோபர் 9 அன்று 1-1 என்று டிரா செய்து, 14 அன்று மட்காவில் 1-2 என்று தோற்றதோடு 2027 ஆசியக் கோப்பைக் கனவு கலைந்தது.

கணக்கைப் பார்த்தால் உண்மை விளங்கும். ஜமீல் பொறுப்பேற்ற பின் 2025-இல் போட்டித் தொடர்களில் இந்தியா ஆடிய 7 ஆட்டங்களில் அடித்த கோல்கள் 5. அவற்றில் இரண்டை அடித்தவர்கள் தற்காப்பு வீரர்கள். முன்களத்தில் யாரை நம்புவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காததால்தான், 2024-இல் ஓய்வு பெற்ற சுநீல் சேத்ரி 2025-இல் திரும்ப அழைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 40. ஐ.எஸ்.எல். போட்டியில் களத்தில் நான்கு வெளிநாட்டவர் ஆடலாம் என்ற நிலையில், கோல் அடிக்கும் இடத்தைப் பெரும்பாலான அணிகள் அவர்களுக்கே தந்துவிடுகின்றன. ஆண்டு முழுவதும் ஓரத்திலோ, மாற்று வீரராகவோ ஆடுபவர், தேசிய அணிக்கு வந்ததும் கோல் மழை பொழிவார் என்று எதிர்பார்ப்பது எப்படி?

அந்த ஓர ஆட்டமாவது முறையாக நடந்ததா? 2025 ஏப்ரலில் முடிந்த ஐ.எஸ்.எல்., அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் அதன் வணிகக் கூட்டாளிக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஜூலையில் நிறுத்தி வைக்கப்பட்டது. சென்னையின் எஃப்.சி. உள்ளிட்ட அணிகள் தங்கள் நடவடிக்கைகளை நிறுத்தின. நவம்பரில் புதிய ஒப்பந்தப்புள்ளி கோரியபோது ஒருவர்கூட முன்வரவில்லை. மத்திய அரசு தலையிட்ட பிறகு 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்கிய சீசனில், முன்பு ஓர் அணிக்கு 24 ஆக இருந்த லீக் ஆட்டங்கள் 13 ஆகச் சுருங்கின. பத்து மாதங்கள் லீக் ஆட்டமே இல்லாத வீரர்களை வைத்துக்கொண்டு எந்த உத்தியை வகுத்தாலும் அது காகிதத்திலேயே நின்றுவிடும்.

உத்தியின் சிற்பி என்று இன்றும் போற்றப்படும் சையத் அப்துல் ரஹீமின் காலத்தை நினைத்துப் பார்ப்பது பொருத்தம். அவரது பயிற்சியில் இந்தியா 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962 ஜகார்த்தாவில் தலையில் காயம்பட்ட தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை முன்களத்தில் நிறுத்தி, இறுதி ஆட்டத்தில் அவர் மூலம் கோல் பெற்றார் ரஹீம். அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அந்தத் துணிச்சலான உத்திக்குப் பின்னால், 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்ற ஹைதராபாத் நகரக் காவல் அணி இருந்தது. கொல்கத்தாவின் கழகங்கள் இருந்தன. வீரர்களை விளைவிக்கும் நிலம் இருந்தது.

ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. கொச்சியின் மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல் போன்ற பகுதிகளில் உலகக் கோப்பை வந்தால் ஆர்ஜென்டீனா, பிரேசில் கொடிகள் தெருவை மறைக்கும். அருகில் உள்ள ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தில் ரூபஸ் டிசூசா என்ற ஒரு தனி மனிதர் பல பத்தாண்டுகள் கட்டணம் வாங்காமல் சிறுவர்களுக்குக் கால்பந்தும் ஹாக்கியும் கற்றுத் தந்தார். 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டங்களையும் கண்ட ஊர் இது. ஆர்ஜென்டீனா அணியையும் மெஸ்ஸியையும் அழைத்து வருவதாக 2024-இல் கேரள அரசு அறிவித்து, அது 2025-இல் நிறைவேறாமல் போனது. அந்த டிசம்பரில் மெஸ்ஸி கொல்கத்தா, ஹைதராபாத், மும்பை, தில்லி நகரங்களுக்கு வந்து கையசைத்துச் சென்றார். அதே நாள்களில் இந்திய வீரர்கள் லீக் எப்போது தொடங்கும் என்று தெரியாமல் காத்திருந்தனர். காட்சிக்குக் கிடைக்கும் பணம் களத்துக்குக் கிடைக்காதது ஏன் என்பது சுள்ளிக்கல் இளைஞனும் கேட்கக்கூடிய கேள்வி.

தலைநகர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஆகஸ்ட் 11 அன்று எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே மக்களவையில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. சம்மேளனத்தின் புதிய சட்டவிதிகளுக்கு உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 19 அன்று அனுமதி தந்தது. சட்டமும் விதிகளும் வந்துவிட்டன. ஆனால், எந்தச் சட்டமும் தானாகப் பந்தை உதைப்பதில்லை. ஆண்டுக்கு எத்தனை லீக் ஆட்டங்கள் உறுதி, இளையோர் லீகுக்கு எவ்வளவு பணம், இந்திய முன்கள வீரர்களுக்கு எத்தனை நிமிட ஆட்டம் ஆகிய கேள்விகளைச் சம்மேளனத்திடம் நாடாளுமன்ற நிலைக்குழு எழுப்ப வேண்டும். ஃபிஃபா எதிர்ப்பது நிர்வாகத்தில் அரசு தலையிடுவதை. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது தலையீடு ஆகாது.

ஜமீல் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். சொந்த மண்ணில் முன்னிலை பெற்றும் சிங்கப்பூரிடம் ஆட்டத்தைப் பறிகொடுத்ததற்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால், இகோர் ஸ்டிமாச், மனோலோ மார்க்கெஸ் என்று ஒவ்வொருவராக வழியனுப்பிய பின்னும் நோய் அப்படியே இருக்கிறது என்றால், மருத்துவரை மாற்றுவதால் மட்டும் தீராது. முறையான லீகும், ஆண்டு முழுவதும் ஆடும் வீரர்களும் கிடைத்த பிறகு பயிற்சியாளரின் உத்தியை எடைபோடுவோம். அதுவரை, குற்றவாளிக் கூண்டில் அவரை மட்டும் நிறுத்துவது நியாயமாகாது.