கற்றுத்தருவதும் சிகிச்சையே

உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் இந்தியர்கள். ஆஸ்துமா மரணங்களிலோ இந்தியாவின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. நோயின் கடுமையை மட்டும் காரணம் காட்டி இதைக் கடந்துபோக முடியாது. முறையான மருந்து முறையாக நுரையீரலைச் சென்றடைந்தால் இந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடலாம்.

மருந்தை நுரையீரலுக்குக் கொண்டுசேர்க்கும் கருவிகளில் எது மேலானது என்று நோயாளிகள் கேட்கிறார்கள். 1956இல் அறிமுகமான அழுத்த இன்ஹேலரில், மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே குப்பியை அழுத்த வேண்டும். பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். கேப்சூல் போட்டு உறிஞ்சும் பவுடர் இன்ஹேலருக்கு மெதுவாக இழுப்பது பொருந்தாது. வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால்தான் பொடி உள்ளே போகும். கைக்குழந்தைகளுக்கு, அழுத்த இன்ஹேலருடன் இணைக்கும் ஸ்பேசர் என்ற குழாய் முகமூடியுடன் தேவை. உயிருக்கு ஆபத்தில்லாத திடீர் இழுப்பின்போது, ஸ்பேசர் வழியே தரும் மருந்து நெபுலைசருக்கு இணையாகப் பலன் தருகிறது. 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலைக்கூட ஸ்பேசராக மாற்றலாம் என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999இலேயே லான்செட் இதழில் நிறுவினார்கள். சரியாகக் கையாண்டால் எல்லாக் கருவிகளும் நல்ல கருவிகளே.

அந்தச் சரியான கையாளல்தான் இல்லை. 1975 முதல் 2014 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கட்டுரை, நோயாளிகளில் 31 சதவீதத்தினரே இன்ஹேலரைப் பிழையின்றிப் பயன்படுத்துவதாகச் சொன்னது. நாற்பது ஆண்டுகளில் முன்னேற்றமே இல்லை என்பது அதன் முடிவு. பல நாடுகளில், இத்தனை காலமாக நீடிக்கும் தவறுக்கு நோயாளியின் கவனக்குறைவைக் குற்றம் சொல்வது நேர்மையாகாது.

நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். மருத்துவர் சீட்டில் எழுதுகிறார்; மருந்துக்கடையில் அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டுகிறார்கள். நோயாளி வீட்டுக்குப் போய் வாய்க்குள் இருமுறை பீய்ச்சிக்கொள்கிறார். மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. பலனில்லை என்று சல்பியூட்டமால் மாத்திரைக்குத் திரும்புகிறார். இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம் மருந்து. மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது நாற்பது மடங்கு. கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் சேர்ந்துகொள்ள, நிவாரணமோ தாமதமாகிறது. ‘இன்ஹேலர் பழகிவிடும்’ என்ற ஆதாரமற்ற அச்சத்தை நீக்கவும் ஆளில்லை.

செய்து காட்டாமல் இன்ஹேலரைக் கொடுத்தனுப்புவது கடமை தவறுதல் என்றே நாம் கருதுகிறோம். மருத்துவர் தம் முன்னிலையில் ஒருமுறை நோயாளியை இழுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் அதைச் சரிபார்க்க வேண்டும். ஒரு வகைக் கருவிக்குப் பதிலாக வேறொன்றைத் தரும் மருந்தாளுநர், புதிய முறையை விளக்காமல் பணம் பெறக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் இன்ஹேலரும் ஸ்பேசரும் தடையின்றிக் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளுடன் வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்களுக்கு, இன்ஹேலர் பயன்பாட்டைக் கற்றுத்தரும் பயிற்சியையும் அளிக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. நோயாளி ஒருவருக்குச் சில நிமிடங்கள் போதும். அந்த நிமிடங்களை ஒதுக்க மறுக்கும் மருத்துவ அமைப்பு, தடுத்திருக்கக்கூடிய ஒவ்வொரு மரணத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.