ஓரெழுத்தும் உயிர்ப் பொருளும்
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

அரம் வேறு, அறம் வேறு. வலி, வளி, வழி மூன்றும் வேறு. இவற்றை மயங்கொலிச் சொற்கள் என்று பள்ளியில் பயின்றோம். பொருள் கேட்டு அறிந்தோம், பிறகு மயங்கவில்லை. ஆங்கிலத்திலும் இத்தகைய சொற்கள் உண்டு. அவற்றைக் கண்டு தமிழ்வழியில் படித்து வந்த நம்மில் பலர் ஏன் அஞ்ச வேண்டும்?

நம் ஊர்ப் பொருள்களையே பார்ப்போம். சேலத்துக்கு வடக்கே சாக் ஹில்ஸ் குன்றுகளில் வெட்டும் வெள்ளைக்கல் மேக்னசைட். அது மக்னீசியம் கார்பனேட். கஞ்சமலையில் கிடைப்பது மேக்னடைட்; அது இரும்புத் தாது. ஆங்கிலத்தில் எழுதினால் ‘எஸ்’ இருக்கும் இடத்தில் ‘டி’ வரும், அவ்வளவே வேறுபாடு. மேக்னட் என்னும் காந்தத்தை நினைத்தால் ‘டி’ மறக்காது.

நாமக்கல்லில் கூண்டு கட்டும் லாரிகளின் பின்புறத்தில் ‘ஏர் பிரேக்’ என்றிருக்கும். ‘ஈ’ என்னும் எழுத்து சொல்லின் கடைசியில் நின்றால் வண்டியை நிறுத்தும் பிரேக். ‘ஆர்’ எழுத்தை அடுத்து வந்தால் உடைக்கும் பிரேக்!

இது சிரிப்போடு போகும். சங்ககிரியிலிருந்து புறப்படும் பெட்ரோல் டேங்கர்களில் காணும் ‘இன்ஃப்ளேமபிள்’ அப்படியன்று. ‘இன்’ என்று தொடங்குவதால் தீப்பற்றாதது என்று எண்ணத் தோன்றும். எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள்; ‘ஃப்ளேமபிள்’ என்பதற்கும் அதுவே பொருள். தீப்பற்றாதது ‘நான்-ஃப்ளேமபிள்’. ஈதர் புட்டியைக் கையில் எடுக்கும் வேதியியல் மாணவனுக்கு இது மதிப்பெண் பற்றிய செய்தி மட்டுமன்று. உயிர் பற்றிய செய்தி.

ஐயம் வந்தால் யாரைக் கேட்பது? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என் போன்றோருக்கு வீட்டில் கேட்க ஆளில்லை. வகுப்பில் கேட்டாலோ சிரிப்பொலி எழுகிறது. அறத்தை அரம் என்று எழுதியவனைத் திருத்துகிறோம். அவன் அறிவை யாரும் குறைத்து மதிப்பதில்லை. ஆங்கிலத்தில் தடுமாறினால் மட்டும் ஏன் அந்த ஏளனம்? ஏளனத்துக்கு அஞ்சியவன் கேட்பதை நிறுத்துகிறான். கேட்காதவன் குருட்டு மனப்பாடம் செய்கிறான்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய பாடம் தொடங்கும் நாளில், அதில் வரும் மயக்கும் சொற்களை இணை இணையாகக் கரும்பலகையில் எழுதி, தமிழில் பொருள் கூறுங்கள். ஆங்கில வகுப்புக்கு மட்டும் உரிய வேலையன்று இது. ஐந்து நிமிடம் போதும்.

நண்பர்களே, நாம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அருகில் இருப்பவன் கேட்கும்போது சிரிக்காதிருப்போம்.