நான்கு பன்றிக்கும் கணக்கு வேண்டும்

ஐப்பசி மழையில் மூட்டையில் ஈரம் ஏறினால் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் பூசணம் பூத்துவிடும். மாட்டுக்கு வேண்டாம் என்று ஒதுக்குவது பன்றித் தொட்டிக்குப் போகிறது. அதில் உள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு பன்றியின் ஈரலைக் கெடுக்கும், குட்டிகள் தேறாது.

இதற்குச் செலவு குறைந்த தடுப்பு உண்டு. பென்டோனைட் என்ற களிமண் தாதுவை 100 கிலோ தீவனத்துக்கு அரை கிலோ கலந்தால், குடலிலேயே அந்த நஞ்சைப் பிடித்துக் கழிவோடு வெளியேற்றும். தீவனத்துக்கென்று தயாரித்ததே வேண்டும். ஏரி மண் உதவாது. முழுக்கக் கெட்ட தீவனத்தை இதுவும் சரிசெய்யாது.

காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் பன்றி ஆராய்ச்சி செய்கிறது. அந்த அறிவு திருவாலங்காட்டுக் காலனி வரை வர வேண்டாமா? தேசிய கால்நடை இயக்கம் பாதி மானியம் தருகிறது. அதன் கணக்கோ 50 தாய்ப்பன்றியில் தொடங்குகிறது. நிலமில்லாத தலித் அத்தனைக்கு எங்கே கொட்டகை போடுவார்?

நான்கு பன்றி வளர்ப்பவருக்கும் தாட்கோ கடன் கிடைக்க வேண்டும். கால்நடை மருந்தகத்தில் தாது உப்புக் கலவையோடு பென்டோனைட்டும் வைக்க வேண்டும். பன்றி வளர்ப்பவரை ஊர் ஒதுக்கியது போதும். அரசும் ஒதுக்கக் கூடாது.