மின்மினிக்கும் ஒரு வீடு வேண்டும்



சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தவறு செய்தேன். கோத்தோங் ரோயோங் என்று பெற்றோரையும் பிள்ளைகளையும் திரட்டி, தோட்டத்தை ஒட்டி ஓடும் ஆற்றங்கரையைச் 'சுத்தம்' செய்தோம். நீப்பா, பெரெம்பாங், புதர் எல்லாவற்றையும் பாராங்கால் வெட்டிக் கரையை மொட்டையடித்தோம். பாம்புத் தொல்லை ஒழிந்தது என்று மகிழ்ந்தோம். அடுத்த மழைக் காலத்தில் கரை இடிந்து ஆற்றில் விழுந்தது. இரவில் மின்னிய பூச்சிகளையும் காணோம்.

கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் படகேறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மின்மினிகள் கூடி ஒரே தாளத்தில் மின்னுவது பெரெம்பாங் மரத்தில்தான். ஆனால் அவை வளர்வது மரத்தில் அல்ல. முட்டையிலிருந்து வரும் புழு, கரையின் ஈரமண்ணில், நிழலில், சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. மரத்தை விட்டுவைத்துப் பின்னாலுள்ள புதரை அழித்தாலும் அதன் வம்சம் அற்றுப்போகும்.

"பூச்சி போனால் நமக்கென்ன சார்?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்விதான். கரைச் செடிகளின் வேர்தான் மண்ணைப் பிடிக்கிறது. மழையில் வழிந்து வரும் உரத்தையும் ஓரளவு தடுக்கிறது. அமெரிக்காவில் ஈரி ஏரியோரச் சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கினார்கள். வயல் உரம் ஏரியில் சேர்ந்து பாசி பெருகியது. 2014 ஆகஸ்டில் பாசி நஞ்சு கலந்ததால், டொலீடோ நகர வட்டாரத்தில் 4 லட்சம் பேர் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். இன்று அங்கே பணம் செலவழித்துச் சதுப்பு நிலங்களை மீட்கிறார்கள். நம் சிலாங்கூர் ஆற்று நீரும் கோலாலம்பூர் வரை குடிநீராகப் போகிறதல்லவா?

மீட்பதற்குக் கன்று நட்டால் மட்டும் போதாது. தமிழ்நாட்டுப் பிச்சாவரத்தில் மரம் வெட்டிய இடங்கள் பள்ளமாகி, நீர் தேங்கி, உப்பேறிக் கிடந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் முதலில் வாய்க்கால் வெட்டி, கடல் நீர் வந்து போக வழி செய்தார்கள். கன்று நட்டது அதற்குப் பிறகுதான். அலையாத்திக் காடு மீண்டும் தழைத்தது.

நாங்களும் அந்தப் பாடத்தைத்தான் பின்பற்றுகிறோம். நிர்வாகத்திடம் பேசி, கரையோரம் இருபதடிக்கு மருந்தடிப்பதை நிறுத்தினோம். புதர் தானே முளைத்தது. பிறகு பிள்ளைகள் பெரெம்பாங் கன்று நட்டார்கள்.

மின்மினி இன்னும் வரவில்லை. போன வாரம் ஒரு மாணவி ஓடிவந்து, "சார், நத்தை வந்திருக்கு!" என்றாள். சோறு வந்துவிட்டது, விருந்தாளியும் வருவார்.

உங்கள் தோட்டத்துக் கரையில் கத்தி வைக்குமுன் ஒரு கணம் யோசியுங்கள்.