நீலக் குருதிக்குப் பட்ட கடன்

நம் பிள்ளைகளுக்குப் போடப்படும் தடுப்பூசிகளில் பாக்டீரியா நச்சுக் கலந்துள்ளதா என்று அறிய, பல்லாண்டுகளாகக் குருதி கொடுத்துவரும் கடலுயிர் ஒன்று உண்டு. அதுவே குதிரைலாட நண்டு.

அமெரிக்காவின் வூட்ஸ் ஹோலில் ஃபிரெடெரிக் பாங் என்னும் ஆய்வாளர், பாக்டீரியா புகுந்ததும் அதன் நீலநிறக் குருதி உறைவதை 1956இல் விளக்கினார். கிருமியை அங்கேயே சிறைப்பிடிக்கும் நோயெதிர்ப்பு முறை அது. பின்னர் அவரும் ஜாக் லெவினும் அதனை நச்சறியும் சோதனையாக வளர்த்தெடுத்தனர். முயல்களுக்கு ஊசி ஏற்றிப் பார்த்த பழைய சோதனை பெரிதும் குறைந்தது.

ஆயினும், குருதி எடுத்தபின் கடலில் விடப்படும் நண்டுகளில் ஒரு பகுதி மடிகிறது. மீன்பிடி இரைக்காகவும் அவை பிடிக்கப்படுகின்றன. டெலவேர் விரிகுடாவில் அவற்றின் முட்டைகளை உண்டு ஆர்க்டிக் நோக்கிப் பறக்கும் வலசைப் பறவைகளும் இதனால் இரையின்றித் தவிக்கின்றன.

மாற்று வழி உண்டு. சோதனைக்கு வேண்டிய புரதத்தை, நண்டின் குருதியின்றியே உருவாக்கும் முறையைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களிலேயே கண்டறிந்தனர். ஐரோப்பிய மருந்துத் தர நூலில் அதற்கெனத் தனி அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 2021இல். அமெரிக்கத் தர நூலில் 2025இல்.

தடுப்பூசியை ஐயுற இது காரணமன்று. அதன் பின்னுள்ள கடனை அறியவே சொல்கிறோம். அறியாத ஒன்றைப் பற்றி எவரும் கேள்வி எழுப்ப இயலாது. இளையோரே, நீங்கள் கற்கும் உயிரியலை வீட்டில் தமிழில் எடுத்துரையுங்கள். பெற்றோரே, வாழும் நாட்டின் மக்கள் பிரதிநிதிகளிடம், இங்கு எந்தச் சோதனை நடைமுறையில் உள்ளது என வினவுங்கள். ஆய்வுகூடத்தின் அறிவு மக்களின் அறிவாகும்போதே கடலுக்கும் காவல் கிடைக்கும்.