புயல் கரையோடு நிற்பதில்லை: கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் உள்ள மங்கலம்பேட்டையிலிருந்து இதை எழுதுகிறேன். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர். வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்ததும் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் படகுகளைக் கரையேற்றிக் கட்டிவிடுவார்கள். கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். அதிகாரிகளின் வண்டிகள் கரையோர ஊர்களுக்குப் பறக்கும். அத்தனையும் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. அதே நேரத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் புயலைப் பற்றிய பேச்சு மட்டும்தான் நடக்கும். புயல் கடற்கரைக்காரர்களின் கவலை என்றே இங்கே பலரும் நினைக்கிறார்கள்.

தானே புயல் அந்த நினைப்பைப் பொய்யாக்கியது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல், மணிக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. தமிழகத்திலும் புதுச்சேரியிலுமாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் நம் மாவட்டத்தவர். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. அவை நின்றது கடற்கரை மணலில் அல்ல, உள்நாட்டுச் செம்மண்ணில். மின்கம்பங்கள் வரிசையாக முறிந்ததால் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கதை வேறு விதமாகத் திரும்பியது. உள்மாவட்டங்களில் கொட்டிய மழையும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரும் தென்பெண்ணை வழியே கடலூரின் வாசலுக்கு வந்து நின்றன. தானேயில் கடலின் காற்று உள்ளே வந்தது. ஃபெஞ்சலில் உள்ளேயிருந்த தண்ணீர் கடலைத் தேடி வந்தது. இரண்டிலும் அழிவுக்குக் கடற்கரை எல்லையாக இருக்கவில்லை.

இன்னொன்றையும் தாங்கள் கவனிக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு மீனவக் கிராமங்களில் நிரந்தரக் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. கரையோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள். உலக வங்கி உதவியில் கடலூர் நகரத்தின் மின்கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகும் திட்டமும் வந்தது. ஆக, காற்று முதலில் மோதும் இடத்தில் கூரை ஓரளவு கெட்டிப்பட்டிருக்கிறது. அந்தக் காற்று அடுத்து வந்து சேரும் எங்கள் பக்கத்தில் இன்னும் நாட்டு ஓடும் சிமெண்ட் ஷீட்டும் தகரமும் கரும்புச் சோகையும்தான்.

எங்கள் தெருக்களில் ஒரு நடை நடந்து, கூரைகளை மட்டும் பாருங்கள். சிமெண்ட் ஷீட்டைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய ஜே போல்ட், இருக்க வேண்டிய இடங்களில் பாதியில் இருக்காது. இருக்கும் இடத்திலும் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். போல்ட்டுக்குப் பதிலாக நாலு செங்கல், ஒரு பழைய சைக்கிள் டயர், இரண்டு மணல் மூட்டை. ஆடிக் காற்றுக்கு அது போதும். புயல் கூரையை மேலிருந்து அழுத்துவதில்லை, கீழிருந்து தூக்குகிறது. தாழ்வாரத்துக்கு அடியில் புகும் காற்று மேலே உந்த, கூரைக்கு மேலே ஓடும் காற்று உறிஞ்ச, ஷீட் பெயர்ந்துவிடும். பாரத்துக்கு வைத்த செங்கல் அடுத்த வீட்டுக்காரர் தலைக்குப் போகும். தாழ்வாரத்தையும் வீட்டையும் ஒரே கூரையாக இழுத்து வேய்ந்திருந்தால், தாழ்வாரம் பிய்யும்போது வீட்டுக் கூரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இதைத் தடுப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு தச்சர், ஒரு கையாள், ஒரு நாள் வேலை. கைமரத்தை விட்டத்தோடும் விட்டத்தைச் சுவரோடும் கம்பி போட்டு முறுக்க வேண்டும். ஷீட்டின் ஓரங்களில் போல்ட்டை நெருக்கிப் போட வேண்டும். தாழ்வாரக் கூரையைத் தனியாகப் பிரித்து வேய வேண்டும். ஆனால் புயல் வருகிறது என்று டி.வி.யில் சொன்ன பிறகு எந்தத் தச்சரும் கிடைக்க மாட்டார்.

அரசின் கணக்கில் இந்த ஒரு நாள் வேலைக்கு இடமில்லை. குடிசைக்காரருக்குக் கலைஞரின் கனவு இல்லம் இருக்கிறது. மூன்றரை லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு. 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்பது இலக்கு. நல்ல திட்டம். ஆனால் ஓட்டு வீட்டுக்காரரும் ஷீட் வீட்டுக்காரரும் குடிசைக் கணக்கிலும் வரமாட்டார்கள், மாடி வீட்டுக் கணக்கிலும் வரமாட்டார்கள். வீடு விழுந்த பிறகுதான் அவர்கள் பெயர் பட்டியலில் ஏறும். ஃபெஞ்சலில் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். விழுந்த பின் கொடுக்கிற பணத்தில் ஒரு சிறு பங்கை விழுமுன் செலவழித்தால் என்ன என்பதுதான் என் கேள்வி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் தாங்கள். நிவாரணம் கொடுப்பதோடு, முன்தடுப்பும் ஆயத்தமும் அந்த ஆணையத்தின் கடமைகள். ஆகவே நான்கு கோரிக்கைகள்.

ஒன்று, ஆகஸ்ட் 15 கிராம சபைகளிலும் பேரூராட்சிகளின் பகுதி சபைகளிலும் கூரை ஆய்வைப் பொருளாக வையுங்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டுக் கூரை ஆட்டம் காண்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரும் பொறியாளரும் புரட்டாசிக்குள் பட்டியல் எடுக்கட்டும். இரண்டு, உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் கூரை கட்டும் முறையில் பயிற்சி கொடுத்து, வசதியில்லாத வீடுகளுக்குக் கம்பி, போல்ட், கூலியை அரசே தரட்டும். மூன்று, மின்கம்பி மேல் சாய்ந்திருக்கும் கிளைகளை மழைக்கு முன்பே கழித்துவிட வேண்டும். நான்கு, உள்நாட்டு ஊர்களிலும் ராத் தங்கும் இடம் எது, சாவி யாரிடம் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். வானிலை மையம் கரை கடப்பதற்கு 24 மணி நேரம் முன்பே எச்சரிக்கிறது. அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு ஆட்டோ மைக்கில் வரட்டும். ‘பலத்த காற்று வீசும்’ என்பதோடு நிற்காமல், ஷீட் வீட்டில் இருப்பவர் எத்தனை மணிக்குள் எங்கே போக வேண்டும் என்றும் சொல்லட்டும்.

எங்கள் பங்குக்கு நாங்களும் செய்ய வேண்டியது இருக்கிறது. மொட்டை மாடிச் சின்டெக்ஸ் தொட்டியை வெறுமனே விடாமல் நிரப்பி வைப்பது, முருங்கையையும் வீட்டோரத் தென்னை மட்டைகளையும் கழிப்பது, பட்டாவையும் ரேஷன் கார்டையும் பாலித்தீன் பையில் கட்டுவது, காற்று திடீரென ஓய்ந்தால் புயல் போய்விட்டதென்று வெளியே வராமல் இருப்பது. புயலின் கண் கடந்ததும் எதிர்த் திசையிலிருந்து காற்று மறுபடி அடிக்கும். அவசரத்துக்கு 1077 என்ற எண் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் எழுதியிருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடிக்கும். அதற்கு முன், கரையோரத்தில் நடத்தும் புயல் ஆயத்தக் கூட்டங்களில் ஒன்றையாவது விருத்தாசலம் பக்கம் நடத்துங்கள். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். ஒரு பொறியாளரையும் ஒரு தச்சரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கூரைகளை நாங்கள் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
மங்கலம்பேட்டை ஓட்டு வீட்டுக்காரர் ஒருவர்