இறங்கிப் பார்க்காத கடற்கரை



நம் குடும்பங்கள் பயணம் அறியாதவை அல்ல. நிக்காஹ் என்றும், பிள்ளைப்பேறு என்றும், ஜியாரத் என்றும், மவ்த்துச் செய்தி என்றும் ஆண்டுக்கு நான்கைந்து முறையேனும் வண்டி ஏறுகிறோம். ஆனால் இஷாத் தொழுதுவிட்டு ஏறுகிறோம். சுபுஹு பாங்கு ஒலிக்கும்போது இறங்குகிறோம். இடையில் கடந்து சென்ற ஊர்கள் யாவும் உறக்கத்திலேயே கழிந்துவிடுகின்றன. பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். புறப்பட்ட வீடும் போய்ச் சேர்ந்த வீடுமே அவர்களுக்குத் தெரியும்.

வரும் விடுமுறைக்கு வேறொரு வகைப் பயணத்தைச் சொல்ல விரும்புகிறேன். பழவேற்காட்டில் தொடங்கிக் காயல்பட்டினத்தில் முடியும் கடலோரப் பயணம் அது. தொலைவு 700 கிலோமீட்டருக்கு மேல். "ஒரே நாளில் ஓட்டிவிடலாம்" என்பார் ஓட்டுநர். அவரிடம் ஐந்து நாள் என்று சொல்லுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இக்கரைக்கு மழையும் புயலும் வரும் காலம். அதைத் தவிர்த்து ஜனவரி, பிப்ரவரியில் புறப்படுவது நலம்.

ஊர்ப்பட்டியலுக்கு முன்னால் ஒன்றைப் பேசியாக வேண்டும். பயணத் திட்டத்தை நம் வீடுகளில் யார் வகுக்கிறார்கள்? முன்கூடத்தில் ஆண்கள் பேசி முடித்த பிறகு, "காலை ஆறு மணிக்குத் தயாராக இருங்கள்" என்று உள்ளே சொல்லியனுப்புவதே வழக்கம். வண்டி நிற்பது ஓட்டுநருக்குத் தேநீர் வேண்டும்போது. பெண்கள் எங்கே ஒளுச் செய்வார்கள், எங்கே தொழுவார்கள், கைக்குழந்தைக்கு எங்கே பசியாற்றுவார்கள் என்பதை எவரும் எண்ணுவதில்லை. ஆகவே அவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். "நான் வரவில்லை, வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று உம்மா சொல்வதை விருப்பமின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தாகம் அவருக்கு நினைவிருக்கிறது.

எனவே ஒரு தாளை எடுத்து, பெண்கள் எங்கெங்கே இறங்க இயலும் என்பதை முதலில் எழுதுங்கள். இக்கரையில் பெண்களுக்கு இடமுள்ள பள்ளிவாசல்களும் உண்டு, இல்லாதவையும் உண்டு. அவ்வூரில் உள்ள உறவினருக்கோ அறிமுகமானவருக்கோ முன்னதாகவே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் நமக்கு ஒரு வீடாவது இல்லாமலா போய்விடும்?

தொழுகையைப் பொறுத்தும் ஒரு சொல். பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கும் சலுகையை நாம் அறிவோம். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுவது ஷாஃபி மத்ஹபில் பயணிக்கு ஆகும். ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின் போதன்றி ஆகாது. ஒரே வண்டியில் இரு மத்ஹபினரும் இருப்பது நம்மிடையே அபூர்வமன்று. மருமகள் ஒரு மத்ஹபு, மாமியார் ஒரு மத்ஹபு! தனித்தனி வேளைகளுக்கு நிற்க வேண்டியவரை வைத்தே திட்டமிடுங்கள். சேர்த்துத் தொழுபவருக்கு அதனால் இழப்பேதும் இல்லை. ஒவ்வொரு வேளைக்கும் ஓர் ஊர் என்று குறித்துவிட்டால் பயணத்தின் பாதித் திட்டம் முடிந்துவிட்டது.

இனிப் புறப்படுவோம். பழவேற்காட்டில் லுஹர் நேரத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். காரணம், அங்குள்ள பள்ளிவாசல் ஒன்றில் நிழலைக் கொண்டு வேளை அறியும் சூரியக் கடிகாரம் இருக்கிறது. கைபேசியில் பாங்கு கேட்டு வளரும் பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி, நிழல் சாய்வதைக் காட்டுங்கள். டச்சுக்காரர் 1613இல் கட்டிய கோட்டை இன்று மண்மேடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டை அப்படியே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சிறுவர் அஞ்சுவர், பிறகு அதைப் பற்றியே பேசுவர். இன்னொன்றையும் சொல்லுங்கள்: மலாய் முஸ்லிம்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் 'காயின் பெலேகட்' என்று பெயர். அந்தப் 'பெலேகட்' இந்தப் பழவேற்காடுதான்.

முதல் இரவைச் சென்னையிலோ கோவளத்திலோ கழித்து, மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்குங்கள். மாமல்லபுரத்தில் எல்லாரும் இறங்குவர். அதற்கு அப்பால் சுமார் 50 கிலோமீட்டரில் கடப்பாக்கத்தருகே உள்ள ஆலம்பரைக் கோட்டையில் இறங்குவோர் குறைவு. முகலாயர் ஆட்சிக் காலத்தில் எழுந்த செங்கற்கோட்டை. நாணயச்சாலை இருந்த இடம். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. உடைந்த மதிலுக்குக் கீழே உப்பங்கழியும் படகுகளும். நிழல் மிகவும் குறைவு, காலையிலேயே பார்த்துவிடுங்கள். பிறகு பரங்கிப்பேட்டை, 1781இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயப் படையும் மோதிய களம். வண்டியில் முதியோர் இருந்தால், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் 1620இல் எழுப்பிய கோட்டையருகே மாலைக் கடற்காற்றில் அவர்களை அமரச் செய்துவிட்டு நாகூர் போய்ச் சேரலாம். நாகூர் உங்களுக்குப் புதிதன்று. ஆகவே அதைப் பற்றி எழுதவில்லை.

எனக்கு மிகவும் விருப்பமான இடம் மூன்றாம் நாள் வருகிறது. அதிராம்பட்டினம் தாண்டி, மல்லிப்பட்டினத்தருகே கடலைப் பார்த்தபடி ஆறுபட்டை வடிவில் எட்டு அடுக்குக் கோபுரம் ஒன்று நிற்கும். பெயர் மனோரா. 'மனாரா' என்னும் அரபுச் சொல்தான் அங்கே அப்படித் திரிந்து நிற்கிறது. கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, ஆண்டு 1814. எதற்காகக் கட்டினார் தெரியுமா? ஐரோப்பாவில் நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடுவதற்காக! தஞ்சைக் கடற்கரையில், அரபுப் பெயரோடு, பிரெஞ்சுப் பேரரசனின் வீழ்ச்சிக்கு மராட்டியர் எழுப்பிய நினைவுச் சின்னம். அதிலும் ஒரு வேடிக்கை: அடுத்த ஆண்டே நெப்போலியன் தீவுச் சிறையிலிருந்து தப்பி வந்து மீண்டும் அரியணை ஏறிவிட்டான். வாட்டர்லூவில் இறுதியாக வீழ்ந்தது 1815இல்தான். மன்னர் சற்று அவசரப்பட்டுவிட்டார்.

அங்கிருந்து மீமிசல், தொண்டி வழியாக இராமநாதபுரம். அன்றிரவு அங்கேயோ கீழக்கரையிலோ தங்கி, மறுநாள் சுபுஹுக்குப் பின் உடனே தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள். பாம்பனில் 2025இல் திறந்த புதிய இரயில் பாலத்தை, 1988 முதல் இருக்கும் சாலைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம்; ஆனால் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்த வேண்டாம். இராமேசுவரத்துப் பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் பிறந்த வீட்டைப் பிள்ளைகள் கேட்பர், காட்டுங்கள். அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறக்கப்பட்டிருப்பதால் முதியோரும் கடல்முனை வரை வண்டியிலேயே செல்லலாம். இடையில் உள்ள சிதைந்த இரயில் நிலையத்தருகே அவசியம் இறங்க வேண்டும். நம் பாட்டனார்களில் கொழும்புக்கு வியாபாரம் செய்யப் போனவர் எத்தனையோ பேர் இங்கே இரயிலிலிருந்து இறங்கித்தான் தலைமன்னார்க் கப்பலில் ஏறினார்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவுப் புயலில் ஊரும் போயிற்று, ஓர் இரயிலும் பயணிகளோடு போயிற்று. வீட்டில் முதியவர் எவரேனும் இருந்தால் அங்கே அவரைப் பேச விடுங்கள். நமக்குத் தெரியாத பெயர்கள் வெளிவரக்கூடும்.

பகலுணவுக்குக் கீழக்கரை. பழைய ஜும்ஆப் பள்ளியின் கருங்கல் தூண்களை அருகில் சென்று பாருங்கள். தமிழ்நாட்டுக் கல்தச்சரின் வேலைப்பாடுதான். உருவங்கள் மட்டும் இல்லை, பூவும் கொடியுமாக இருக்கும். வள்ளல் சீதக்காதியின் ஊர் இது. தொதல் வாங்காமல் திரும்பினால் வீட்டில் வசை கேட்க நேரும்.

ஐந்தாம் நாள் சாயல்குடி, வேம்பார் வழியாகப் பனங்காடும் உப்பளமுமாகச் சாலை போகும். தூத்துக்குடி தாண்டிப் பழையகாயல். மார்க்கோ போலோ 'காயல்' என்று எழுதிய துறைமுகம் இதுவே என்பர். அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய துறைக்கு இன்று கடல் தெரியாது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. காயல்பட்டினத்தில் பெண்களை முன்னே நடக்க விடுங்கள். வீடுகளுக்கிடையே பெண்கள் போய்வருவதற்கென்றே அமைந்த ஒடுங்கிய முடுக்குகளும், அவர்களுக்கெனத் தனித் தைக்காக்களும் உள்ள ஊர் அது. ஐந்து நாளில் அவர்களுக்கு அங்கே இடம் கேட்க வேண்டியிராது.

திரும்பும்போது மதுரைச் சாலையில் வந்தால் எட்டயபுரம் குறுக்கிடும். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பது அங்கேதான். அரைமணி நேரம் போதும். அன்றைக்கு உம்மாவை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். வண்டியை நிறுத்தச் சொல்ல அவருக்கு எளிதாக இருக்கும்.